கணினிக்குத் தூங்கக் கற்றுக்கொடுத்தவர்கள்

மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது என்றால் கணினியை மெதுவாக ஓட்டுவது என்று நினைக்கிறோம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலை எழுதியவர்களின் முப்பதாண்டு அனுபவம் வேறு மாதிரி. அவர்கள் பட்ட பாடெல்லாம் கணினியைச் சும்மா இருக்க வைப்பதற்குத்தான்.

2012 ஜூலை 1, ஞாயிற்றுக்கிழமை. நம் ஊரில் விடியற்காலை 5.30. ஜெர்மனியில் பின்னிரவு 2 மணி. ஹெட்ஸ்னர் என்ற ஜெர்மன் சர்வர் நிறுவனத்தின் மின் கண்காணிப்பில் அளவு திடீரென்று ஏறியது. ஏறத்தாழ ஒரு மெகாவாட் கூடுதல். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் ஆயிரத்தைச் சொருகி, ஒரே நேரத்தில் சுவிட்சைத் தட்டியது போல. ஆனால், அந்த நேரத்தில் புதிதாக எந்த வேலையும் வந்து குவியவில்லை. வாடிக்கையாளர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். சர்வர்கள்தான் உறங்கவில்லை.

உலகின் வேறு மூலைகளிலும் அதே கதை. ரெட்டிட் தளம் முடங்கியது. ஆஸ்திரேலியாவில் குவான்டாஸ் விமானப் பயணிகள் செக்-இன் வரிசையில் காத்து நின்றார்கள்.

காரணம் ஒரே ஒரு நொடி. பூமியின் சுழற்சி சற்றே பின்தங்குவதை ஈடுகட்ட, அன்று உலக நேரத்தில் ஒரு நொடியைக் கூட்டினார்கள். லீப் நொடி என்று பெயர். லினக்ஸ் கர்னலில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளும் பகுதி அந்த நொடியைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. அலாரங்களைக் கவனிக்கும் பகுதிக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. அதன் கணக்கு ஒரு நொடி முந்திப்போய் நின்றது. ‘அரை நொடி தூங்குகிறேன், எழுப்பிவிடு’ என்று சொல்லிப் படுத்த நிரல்களை, கண் மூடிய மறுகணமே ‘நேரமாகிவிட்டது’ என்று தட்டி எழுப்பியது கர்னல். எழுந்த நிரல், வேலை ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு மறுபடி படுக்கும். மறுபடி தட்டல். நொடிக்கு எத்தனையோ ஆயிரம் தடவை இப்படி எழுந்து படுத்து, எழுந்து படுத்தே பிராசசர்கள் கொதித்தன.

மருந்து என்ன தெரியுமா? கணினியிடம் அப்போதைய நேரத்தையே இன்னொரு முறை சொல்வது. கடிகாரத்தைத் திருத்தும் அந்த ஒரே ஆணையில் அலாரப் பகுதி தன் கணக்கைச் சரிசெய்துகொண்டது. மின் அளவு இறங்கியது.

‘சும்மா இரு’ என்பதை உபதேசமாகவே வைத்திருக்கும் மொழி நம்முடையது. அது எவ்வளவு கடினம் என்று சாமியார்களுக்கு அடுத்தபடியாக அறிந்தவர்கள், கர்னல் எழுதுகிறவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஏனென்றால், கணினி என்பது ஓர் ஆள் இல்லை, ஒரு கூட்டுக்குடும்பம். பிராசசர், வட்டு, திரை, வைஃபை, கேமரா, விசைப்பலகை என்று பலர். அதில் ஒருவர் புரண்டு புரண்டு படுத்தாலும் வீடு முழுக்க விழித்திருக்க வேண்டியதுதான்.

பரணும் ஏணியும்

கர்னல் என்பது இயங்குதளத்தின் அடுக்களை. நாம் தொட்டுப் பழகும் செயலிகளெல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் விருந்தினர்கள். அவர்கள் கேட்பதை வன்பொருளிடமிருந்து வாங்கிக் கொடுப்பது கர்னல். 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தன் 386 கணினிக்காக எழுதத் தொடங்கிய லினக்ஸ், இன்று கோடிக்கணக்கான வரிகளாக வளர்ந்திருக்கிறது. அதில் பாதிக்கும் மேல் ‘டிரைவர்’கள். ஒவ்வொரு வன்பொருளோடும் அதன் பாஷையில் பேசத் தெரிந்த துண்டு நிரல்கள்.

உலகத்தில் உள்ள அத்தனை வன்பொருளும் ஒருவர் வீட்டில் இருக்கப்போவதில்லை. அதனால், மூல நிரலிலிருந்து கர்னலைக் கட்டுகிறவர் தனக்கு எது வேண்டும் என்று சொல்ல வேண்டும். ‘மேக் மெனுகான்ஃபிக்’ என்று தட்டினால் நீலத் திரையில் பட்டியல் ஒன்று விரியும். மொத்தக் கர்னலிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தேர்வுகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு மூன்றில் ஒரு விடை: ஒய், எம், என்.

‘ஒய்’ என்றால், அது கர்னலோடு சேர்ந்தே இருக்கும். அடுப்பு மேலேயே இருக்கும் பால் பாத்திரம் போல. ‘எம்’ என்றால் மாட்யூல். பரண்மேல் கிடக்கும் முறுக்கு உழக்கு, தீபாவளி வந்தால் இறக்கிக்கொள்ளலாம். ‘என்’ என்றால் அந்தப் பாத்திரமே வீட்டில் கிடையாது. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்புகள் யார் வீட்டுக்குப் போகப் போகிறோம் என்று தெரியாமல் தயாராகிறவை. அதனால் ஆயிரக்கணக்கான டிரைவர்களை ‘எம்’ போட்டுப் பரணில் அடுக்கி அனுப்புகின்றன.

புதிதாகக் கர்னல் கட்டுகிறவர்கள் முதலில் விழும் பள்ளம் இங்கேதான். வட்டைப் படிக்கும் டிரைவரையும், அதிலுள்ள கோப்பு முறையை அறியும் நிரலையும் ‘எம்’ என்று போட்டுவிடுவார்கள். மாட்யூல் எங்கே இருக்கிறது? வட்டில். வட்டைப் படிக்க என்ன வேண்டும்? மாட்யூல். பரணில் ஏறும் ஏணியைப் பரணிலேயே வைத்த கதை. கணினி பாதி எழுந்து, ‘மூலக் கோப்பு முறையை ஏற்ற முடியவில்லை’ என்று சொல்லி அப்படியே நின்றுவிடும். இதற்காகத்தான் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற சிறு மூட்டையைக் கர்னலோடு நினைவகத்தில் ஏற்றுகிறார்கள். ஏணி அந்த மூட்டைக்குள் இருக்கும்.

பத்தாயிரம் கேள்விக்கு யார் உட்கார்ந்து விடை சொல்வது? கர்னல் எழுதுகிறவர்களில் ஒருவரான ஸ்டீவன் ரோஸ்டட் ஒரு குறுக்குவழி எழுதினார். ‘லோக்கல்மாட்கான்ஃபிக்’ என்று பெயர். இந்தக் கணத்தில் எந்தெந்த மாட்யூல்கள் இறங்கி வேலை பார்க்கின்றனவோ, அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். மணிக்கணக்கில் ஓடும் கட்டுமானம் வெகுவாகச் சுருங்கும். ஆனால், அந்த ஆணையைக் கொடுக்கும் நேரத்தில் பிரின்டரையோ, பென்டிரைவையோ சொருகி வைக்காதவர்கள், இரண்டு நாள் கழித்து ‘என் பென்டிரைவ் செத்துவிட்டது’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். கழிப்பதற்கு முன்னால் எல்லாரையும் ஒரு தடவை வீட்டுக்கு வரவழைத்துப் பார்ப்பது நல்லது.

மின் நிர்வாகத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஒரு வன்பொருளுக்கு டிரைவர் இல்லாவிட்டால் அது வேலை செய்யாது, அவ்வளவுதானே என்று தோன்றும். பல சமயம் அப்படி நடப்பதில்லை. உங்களுக்குத் தேவையில்லாத கேமராவுக்கோ கார்டு ரீடருக்கோ ‘என்’ சொல்கிறீர்கள். கணினி எழுந்தபோது அதற்கும் மின்சாரம் போயிருக்கும். அதைப் படுக்கவைக்கத் தெரிந்தவர் டிரைவர் ஒருவரே. அவரை நீங்கள்தான் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். அது ஒரு மூலையில் விழித்தபடியே உட்கார்ந்திருக்கும். வன்பொருளை ஆதரிப்பது என்பது அதை ஓட்டத் தெரிவதோடு முடிவதில்லை. அணைக்கவும் தெரிய வேண்டும்.

வேலை இல்லாதபோது என்ன வேலை?

1978-இல் வந்த 8086 பிராசசரிலேயே ‘எச்.எல்.டி.’ என்றோர் ஆணை இருந்தது. ‘நில்’ என்று அர்த்தம். அடுத்த அழைப்பு வரும்வரை பிராசசர் நிற்கும். வேலை இல்லாதபோது இந்த ஆணையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் பழக்கம் லினக்ஸுக்கு ஆரம்ப காலத்திலிருந்தே உண்டு. விண்டோஸ் 95 அப்படிச் செய்யவில்லை. வேலை இல்லாத நேரத்திலும் வெறும் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. இதற்கு மைக்ரோசாஃப்டைக் குறை சொல்வதும் சரியில்லை. அந்த ஆணையைக் கொடுத்ததும் திரும்ப எழவே எழாமல் உறைந்துபோன மடிக்கணினிகள் சந்தையில் ஏராளமாக இருந்தன. வாங்கியவர்கள் விண்டோஸைத்தான் திட்டுவார்கள். அதனால் அந்த வசதியை விட்டுவிட்டே வெளியிட்டார்கள். லினக்ஸிலும் இத்தகைய கணினிகளுக்காக, ‘நில் என்று சொல்லாதே’ என்று கர்னலுக்குச் சொல்லும் தனித் தேர்வு ஒன்று இருந்தது.

தூங்கவைப்பது எளிது, தூங்கினவர் எழ வேண்டுமே என்ற கவலை அன்றைக்கே தொடங்கிவிட்டது.

கர்னலுக்குள்ளும் ஒரு தொல்லை இருந்தது. இரவுக் காவல்காரர் விசிலடித்துக்கொண்டு தெருவைச் சுற்றுவது போல, ‘டிக்’ என்ற அழைப்பு ஒன்று சீரான இடைவெளியில் பிராசசரை எழுப்பும். யாருடைய முறை முடிந்தது, எந்த அலாரத்துக்கு நேரமாயிற்று என்று பார்ப்பதற்கு. கர்னலின் 2.4 பதிப்பில் சாதாரணக் கணினியில் நொடிக்கு 100 டிக். 2003 டிசம்பரில் வந்த 2.6-இல் அது 1000 ஆனது. நேரத் துல்லியம் கூடியது, தூக்கம் கெட்டது. 2005-இல் இயல்பு அளவை 250-க்கு இறக்கினார்கள். இன்றும் மெனுவில் ‘டைமர் ஃபிரீக்வென்சி’ என்று இந்தத் தேர்வைப் பார்க்கலாம்.

ஏன் கெடுதல் என்றால், பிராசசரின் தூக்கத்திலும் படிகள் உண்டு. முதல் படி, நாற்காலியில் தலை சாய்ப்பது. கடைசிப் படி, விளக்கணைத்துக் கதவடைத்துப் படுப்பது. அங்கே உள்நினைவகம்கூடக் காலியாகி, மின் அழுத்தம் அறுந்துவிடும். அவ்வளவு ஆழத்திலிருந்து எழுந்து வர நூறு மைக்ரோநொடி அளவுக்குக்கூட ஆகும். எழுவதற்கென்று தனிச் செலவும் உண்டு. கொஞ்ச நேரத்துக்கு ஆழ்ந்து தூங்கினால் மிச்சத்தைவிட நஷ்டம் அதிகம். எனவே கர்னல் ஒவ்வொரு தடவையும் ஒரு ஜோசியம் பார்க்கிறது: அடுத்த அழைப்பு எப்போது வரும்? அதைப் பொறுத்து எந்தப் படி வரை இறங்கலாம்? மில்லிநொடிக்கு ஒருமுறை காவல்காரர் கதவைத் தட்டினால் ஆழத்துக்குப் போக வழியே இல்லை.

தாமஸ் கிளெய்க்ஸ்னர், இங்கோ மோல்னார் ஆகியோர் உழைப்பில், 2007 ஏப்ரலில் வந்த 2.6.21 கர்னலில் வழி பிறந்தது. ‘டிக்லெஸ்’ என்ற தேர்வு. வேலை இல்லையென்றால் விசிலும் இல்லை. அடுத்த அலாரம் எப்போதோ அப்போது எழுப்பினால் போதும்.

காவல்காரர் நின்ற பிறகுதான் வீட்டுக்குள் யார் யார் சத்தம் போடுகிறார்கள் என்று கேட்டது. அடுத்த மாதமே இன்டெல் நிறுவனத்தின் அர்ஜன் வான் டெ வென் ‘பவர்டாப்’ என்ற கருவியை வெளியிட்டார். பிராசசரை நொடிக்கு எத்தனை தடவை யார் எழுப்புகிறார்கள் என்று பெயர் போட்டுப் பட்டியல் கொடுக்கும் கருவி. அகப்பட்டவர்களைப் பார்த்தால் வேடிக்கை. ஒலி அளவை யாராவது மாற்றினார்களா என்று நொடிக்குப் பல தடவை எட்டிப் பார்க்கும் குட்டி ஐகான்கூட இருந்தது. தங்கள் நிரல் இப்படிச் செய்கிறது என்று எழுதியவர்களுக்கே தெரியாது. பெயர் அம்பலமானதும் வரிசையாகத் திருத்தினார்கள்.

மெதுவாக ஓடுவதில் லாபம் இருக்கிறதா?

‘அப்படியானால் பிராசசரின் வேகத்தைக் குறைத்து ஓட்டலாமே’ என்பது அடுத்து வரும் கேள்வி. கணக்கு கொஞ்சம் நுட்பமானது. சில்லு ஓடும்போது அது இழுக்கும் மின்திறன், வேகத்துக்கு நேர்விகிதம். மின் அழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதம். வேகத்தை மட்டும் பாதியாக்கினால் திறன் பாதியாகும். ஆனால் வேலை முடிய இரு மடங்கு நேரம் ஆகும். மொத்தச் செலவு அதேதான். லாபம் அழுத்தத்தில் இருக்கிறது. வேகம் குறைந்தால் அழுத்தத்தையும் குறைக்கலாம். அழுத்தத்தை 80 சதவிகிதமாக இறக்கினால், அந்தப் பங்குச் செலவு 64 சதவிகிதமாகிவிடும்.

டோர்வால்ட்ஸ் 1997 முதல் 2003 வரை வேலை பார்த்த டிரான்ஸ்மெட்டா நிறுவனத்தின் மூலதனமே இந்தக் கணக்குதான். 2000 ஜனவரியில் அவர்கள் அறிமுகம் செய்த குரூஸோ சில்லு, வேலைக்குத் தக்கபடி வேகத்தையும் அழுத்தத்தையும் ஓட்டத்திலேயே மாற்றிக்கொண்டது. நிறுவனம் நிலைக்கவில்லை, யோசனை நிலைத்தது.

லினக்ஸில் இந்த முடிவை எடுப்பவர்களுக்கு ‘கவர்னர்’ என்று பெயர். நம் ஊர்க் கவர்னர்களைப் போலவே ஒவ்வொருவருக்கும் ஒரு சுபாவம். ‘பெர்ஃபாமன்ஸ்’ எப்போதும் உச்ச வேகம். ‘பவர்சேவ்’ எப்போதும் கீழ் வேகம். இன்டெலில் இருந்த வெங்கடேஷ் பல்லிபாடி முதலியோர் எழுதி, 2004-இல் சேர்ந்த ‘ஆன்டிமாண்ட்’, பாரம் ஏறினால் சட்டென்று உச்சத்துக்குத் தாவி, குறைந்தால் இறங்கி வரும். 2016-இல் வந்த ‘ஷெட்யூடில்’, எந்த நிரலுக்கு எப்போது முறை என்று தீர்மானிக்கும் பகுதியிடமே கேட்டு முடிவெடுக்கிறது.

புதிய சில்லுகளில் தூக்கப் படிகள் ஆழமாக ஆக, வேறொரு கட்சியும் பலம் பெற்றது. மளமளவென்று வேலையை முடித்துவிட்டு, மீதி நேரம் முழுவதையும் ஆழ்ந்து தூங்கிக் கழிப்பதே சிக்கனம் என்கிறது அது. இதற்கும் அதற்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதற்கு ஒரே விடை கிடையாது. சில்லைப் பொறுத்தது, வேலையைப் பொறுத்தது. அதனால்தான் மெனுவில் அத்தனை கவர்னர்கள்.

பெயரை மாற்றிச் சொல்லும் கணினி

பிராசசரைத் தூங்கவைக்கும் வித்தை கர்னலின் கையில். மற்றவர்கள்? மடிக்கணினியின் மூடி, மின்விசிறி, பேட்டரி, விளக்கு எல்லாம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். இவற்றைப் பேசுவதற்குப் பொது உடன்படிக்கையாக இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூவரும் 1996 டிசம்பரில் கொண்டுவந்ததே ‘ஏசிபிஐ’. அதற்கு முன்பிருந்த ‘ஏபிஎம்’ முறையில், எப்போது தூங்குவது என்பதைப் பெருமளவு, தாய்ப்பலகையில் தயாரிப்பாளர் வைத்தனுப்பும் ‘பயாஸ்’ என்ற நிரலே முடிவு செய்தது. ஏசிபிஐ அந்த அதிகாரத்தை இயங்குதளத்தின் கையில் கொடுத்தது.

கொடுத்த விதம்தான் விசித்திரம். தயாரிப்பாளர் தன் கணினியின் குணத்தை ஒரு குட்டி நிரலாகவே எழுதி, தாய்ப்பலகையில் வைத்து அனுப்புவார். கர்னல் அதை வரி வரியாகப் படித்து, சொன்னபடி செய்ய வேண்டும். யாரோ முகம் தெரியாதவர் எழுதிய நிரலைக் கர்னல் தன் மடியில் வைத்து ஓட்டுகிறது. அவர் பிழையோடு எழுதியிருந்தால் அந்தப் பிழையையும் சேர்த்து.

தயாரிப்பாளர்கள் அந்த நிரலை எதில் சோதித்தார்கள்? விண்டோஸில். ‘ஓடுவது விண்டோஸ் எக்ஸ்பியா, விஸ்டாவா?’ என்று கேட்டு, பதிலுக்கு ஏற்ப வேறு வேறு பாதையில் போகும்படியும் எழுதினார்கள். ‘நான் லினக்ஸ்’ என்று உண்மை பேசினால், யாரும் சோதித்துப் பார்க்காத முட்டுச்சந்தில் போய் மாட்டிக்கொள்ள நேர்ந்தது. எனவே லினக்ஸ், கேட்கிற விண்டோஸ் பதிப்பு எதுவானாலும் ‘ஆமாம், நான்தான்’ என்று பதில் சொல்லக் கற்றது. 2007-இலிருந்து, ‘நீ லினக்ஸா?’ என்று கேட்டால் மட்டும் ‘இல்லை’ என்பதே அதன் இயல்பான பதில்.

இந்தக் கதைக்கு ஒரு முன்கதை உண்டு. 1999 ஜனவரியில் பில் கேட்ஸ் தன் சகாக்களுக்கு எழுதிய மின்னஞ்சல் ஒன்று, பிற்பாடு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்த வழக்கில் சாட்சியமாக வெளியே வந்தது. ஏசிபிஐ விரிவாக்கங்களை எப்படியாவது விண்டோஸுக்கு மட்டும் உரியதாக்க முடியாதா என்று அதில் அவர் யோசித்திருந்தார். அந்த யோசனை தரநிலையில் ஏறவில்லை. ஏசிபிஐ திறந்த ஆவணமாகவே இருந்தது. 2013-இல் யூஇஎஃப்ஐ மன்றம் என்ற தரநிலை அமைப்பின் பொறுப்புக்குப் போனது. ஆனாலும் சந்தையின் பழக்கம், சட்டம் போடாமலேயே அந்த ஆசையில் ஒரு பங்கை நிறைவேற்றிவிட்டது.

2011-இல் நடந்த ஒரு சம்பவம் இதற்கு நல்ல சாட்சி. அந்த ஆண்டு மார்ச்சில் வந்த 2.6.38 கர்னலில் பல மடிக்கணினிகளின் பேட்டரி சீக்கிரம் தீர்ந்தது. உட்பாகங்களை இணைக்கும் பிசிஐ-எக்ஸ்பிரஸ் பாதைகளும் வேலையில்லாதபோது கண்ணயரக்கூடியவை. சில கணினிகளின் பயாஸ், அந்த வசதியைத் தானே இயக்கி வைத்துவிட்டு, ஏசிபிஐ அட்டவணையில் மட்டும் ‘ஆதரவு இல்லை’ என்று எழுதிவைத்திருந்தது. அங்கே எழுதியிருந்ததை நம்பி, கர்னல் வசதியை அணைத்துவிட்டது. கர்னல் எழுதுகிறவர்களில் ஒருவரான மேத்யூ காரெட் துருவிப் பார்த்தார். இதே நிலையில் விண்டோஸ் என்ன செய்கிறது? ஒன்றுமே செய்வதில்லை, பயாஸ் வைத்தது வைத்தபடி விட்டுவிடுகிறது. அந்த ஆண்டு இறுதியில் அவர் எழுதிய திருத்தத்தின் சாரமும் அதுதான்: கையை வைக்காதே.

மூடியைச் சாத்திய பிறகு

மடிக்கணினியின் மூடியைச் சாத்துகிறோம். உள்ளே ஒரு வீட்டில் இரவு கவியும் வரிசையில் எல்லாம் நடக்கிறது. முதலில் நிரல்கள் அப்படியே உறையவைக்கப்படும். பிறகு கருவிகள் ஒவ்வொன்றாகப் படுக்க வேண்டும். அதில் முறை உண்டு: பிள்ளைகள் முதலில், பெற்றோர் பிறகு. யூஎஸ்பி மவுஸ் தூங்கிய பிறகே அதைத் தாங்கும் யூஎஸ்பி கட்டுப்பாட்டுப் பகுதி தூங்கலாம். கடைசியாக, ஒரு பிராசசர் கருவைத் தவிர மற்றவை அணையும். எஞ்சிய அந்த ஒருவர் விளக்கை அணைப்பார். நினைவகத்துக்கு மட்டும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் போகும். இது ‘எஸ்3’. எழும்போது எல்லாம் தலைகீழ் வரிசை. நடுவில் ஒரே ஒரு டிரைவர் ‘என்னால் முடியாது’ என்றாலும், மொத்தத் தூக்கமும் ரத்து.

எழும் வழியில் செத்துப்போனால் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். திரை இன்னும் எழவில்லை, வட்டு எழவில்லை. ‘இங்கேதான் விழுந்தேன்’ என்று எங்கே எழுதிவைப்பது? 2006-இல் டோர்வால்ட்ஸ் ஒரு தந்திரம் செய்தார். மின்சாரம் போனாலும் நினைவு தப்பாத ஒரே இடம் தாய்ப்பலகையின் பொத்தான் பேட்டரிக் கடிகாரம். அதிலுள்ள தேதி, நேரத்தை அழித்துவிட்டு, கர்னல் கடைசியாக எந்த டிரைவர் வரை வந்தது என்பதைக் குறியீடாக்கி அங்கே எழுதினார். அணைத்துப் போட்டால், அடுத்த தடவை கணினி ஏதோ ஒரு யுகத்து நேரத்தைக் காட்டிக்கொண்டு எழும். அந்தத் தப்பான நேரத்துக்குள் குற்றவாளியின் முகவரி இருக்கும். ‘பிஎம் டிரேஸ்’ என்ற பெயரில் அது இன்றும் கட்டமைப்பு மெனுவில் இருக்கிறது.

இப்போது சிக்கல் இன்னொரு வடிவம் எடுத்திருக்கிறது. செல்போனைப் போல மடிக்கணினியும் தூக்கத்திலேயே மின்னஞ்சல் வாங்க வேண்டும் என்ற ஆசையில், விண்டோஸ் 8 காலத்திலிருந்து தயாரிப்பாளர்கள் எஸ்3-ஐக் கைவிடத் தொடங்கினார்கள். அதற்கு இணையாக லினக்ஸிலும் 2013-இல் ஒரு முறை வந்தது. இதில் யாரும் மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. ஒவ்வொரு கருவியும் தானாக ஆழத்துக்கு இறங்கி, அத்தனை பேரும் இறங்கிய பிறகே சில்லு முழுவதும் அடங்கும். ஒரு வட்டோ, வைஃபை அட்டையோ அடம்பிடித்தால் போதும். மூடி சாத்தியிருக்கும், திரை கறுத்திருக்கும், பைக்குள் கை விட்டால் சுடும். சென்னையில் முழு சார்ஜோடு ரயிலேறி, திருச்சியில் பையைத் திறந்து செத்த கணினியைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

செல்போன் வாங்கித் தந்த சண்டை

2008-இல் முதல் ஆண்ட்ராய்டு போன் வந்தது. உள்ளே லினக்ஸ் கர்னல்தான். ஆனால் கூகுள் அதில் ‘வேக்லாக்’ என்ற சொந்த ஏற்பாட்டைச் சேர்த்திருந்தது. போனின் இயல்பு நிலை தூக்கம். யாருக்காவது வேலை இருந்தால் ‘நான் இருக்கிறேன், தூங்காதே’ என்று ஒரு பூட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பூட்டு விடுபட்டதும் போன் தூங்கிவிடும்.

இதைப் பொதுக் கர்னலில் சேர்க்கச் சொன்னபோது பெரிய விவாதம் வெடித்தது. ‘சரியாக எழுதாத செயலிகளைத் திருத்துங்கள், அதற்காக முழு அமைப்பையும் கழுத்தைப் பிடித்துத் தூங்கவைப்பானேன்?’ என்றது ஒரு தரப்பு. ‘கடையில் லட்சம் செயலிகள் வரப்போகின்றன, எத்தனை பேரைத் திருத்துவீர்கள்?’ என்றது எதிர்த்தரப்பு. 2010 பிப்ரவரியில் வந்த 2.6.33-இல் ஆண்ட்ராய்டு டிரைவர்கள் பொதுக் கர்னலிலிருந்து நீக்கப்பட்டன. இரண்டு ஆண்டு பிரிவுக்குப் பின் 2012 மார்ச்சில், 3.3-இல் திரும்பின. மின் நிர்வாகப் பகுதியைப் பராமரிக்கும் ரஃபேல் விசோக்கி, வேக்லாக் யோசனையை வேறு வடிவில் எழுதி, அதே ஆண்டு 3.5-இல் சேர்த்தார். இரு தரப்பும் முழுத் திருப்தி அடையவில்லை. பஞ்சாயத்துத் தீர்ப்பு என்றால் அப்படித்தானே.

நீங்களே கட்டிப் பார்க்க...

• வெறும் பலகையிலிருந்து தொடங்காதீர்கள். இப்போது ஓடும் கர்னலின் கட்டமைப்புக் கோப்பை நகலெடுத்து, அதிலிருந்து கழியுங்கள்.

• பழைய கர்னலை அழிக்காமல் பூட் மெனுவில் வைத்திருங்கள். புதியது எழாத நாளில் அதுதான் கைகொடுக்கும்.

• ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். பத்தைச் சேர்த்து மாற்றிவிட்டு, தூக்கம் கெட்டால் யாரைப் பிடிப்பது?

• டிக்லெஸ், சிபியு ஐடில் (பிராசசரின் தூக்கப் படியைத் தேர்ந்தெடுப்பது), கவர்னர்கள், கருவிகளின் ரன்டைம் மின் நிர்வாகம் (கணினி ஓடும்போதே வேலையில்லாத கருவியைத் தூங்கவைப்பது) ஆகிய நான்கும் இயங்குகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

• பவர்டாப்பைப் பேட்டரியில் ஓட்டுங்கள். அதன் தானியங்கி விருப்பம் எல்லாரையும் தூங்கவைத்துவிடும். யூஎஸ்பி மவுஸ் அசைத்ததும் எழாமல் முரண்டு பிடித்தால், அதற்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.

சக்திக்கும் ஓய்வு வேண்டும்

பத்தாயிரம் தேர்வுகள் சேர்ந்துகொண்டே போவதில்லை, கழியவும் செய்கின்றன. 2012 டிசம்பரில் இங்கோ மோல்னார் 386 பிராசசருக்கான ஆதரவை நீக்கினார். எந்தச் சில்லுக்காக லினக்ஸ் பிறந்ததோ அதே சில்லு. டோர்வால்ட்ஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கவில்லை. நீக்கத்தை ஏற்றுக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

ஒரு வாசல் மூடினால் மறுபக்கம் இன்னொன்று திறக்கிறது. 2018 ஜனவரியில் வந்த 4.15 கர்னலில், யாரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-ஃபைவ் சில்லு வகைக்கு ஆதரவு சேர்ந்தது. அதே ஆண்டு, சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி குழுவினர் ரிஸ்க்-ஃபைவ் அடிப்படையில் வடிவமைத்த ‘சக்தி’ பிராசசர், சில்லாக வார்க்கப்பட்டு லினக்ஸை ஏற்றி ஓட்டிக் காட்டியது. கிண்டியில் காகிதத்தில் பிறந்த சில்லுக்கும், ஹெல்சிங்கியில் பிறந்த கர்னலுக்கும் பேச்சுவார்த்தை தொடங்கிய ஆண்டு அது.

ரிஸ்க்-ஃபைவ் ஆணைப் பட்டியலிலும் நம் பழைய எச்.எல்.டி.க்கு ஒரு தங்கை உண்டு. ‘டபிள்யூ.எஃப்.ஐ.’ என்று பெயர். அழைப்பு வரும்வரை காத்திரு என்று பொருள். வேலை இல்லாதபோது கர்னல் இந்த ஆணையைக் கொடுத்துவிட்டு விலகும். ஆனால், தரநிலை ஆவணம் சில்லு செய்கிறவருக்கு ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. இந்த ஆணையைக் கேட்டும் கேளாதது போல அடுத்த வரிக்குப் போய்விடலாம்; அதுவும் விதிப்படி சரியே.

கூட்டுவதும் கழிப்பதும் சில்லுக்குக் கட்டாயம். ஓய்வெடுப்பது அதன் விருப்பம். அந்த ஒரு வரியைச் சில்லில் மதித்து நடக்கவைப்பவர் ஒருவர், கர்னலில் சரியான இடத்தில் எழுதுகிறவர் ஒருவர், மெனுவில் தூக்கத் தேர்வுகளுக்கு ‘ஒய்’ போடுகிறவர் ஒருவர். இந்த மூவரில் யார் மறந்தாலும் கணினி ஓடும். பையில் கை வைக்கும்போதுதான் தெரியும்.